மலைக்கு வந்து கல்யாணம் நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்குப் பூ கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரியில் பதினாறு ஆண்டுகளாகப் பூக்கடை நடத்தி வருகிறேன். மணமக்கள் மாலை, பூஜடை, மேடை அலங்காரம், கார் அலங்காரம் எல்லாமே எங்கள் கடையில் செய்து தருகிறோம். இத்தனை ஆண்டுகளில் பாக்கி நின்றதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பகுதி ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ஒரு பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போனால் அதுவே போதும், தேயிலைப் பணம் கைக்கு வந்ததும் பூவுக்கான பணமும் வந்துவிடும். அந்த நம்பிக்கையிலேயே பழகியதால்தான், கடந்த தை மாதம் சமவெளியிலிருந்து வந்த ஒரு கல்யாண ஏற்பாட்டாளரிடம் 2,18,000 ரூபாயைப் பறிகொடுத்து, இன்று நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருக்கிறேன். வழக்கு நடப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் முறையாக எழுதுகிறேன். பூக்காரர்கள் மட்டுமல்லாமல் பந்தல், விளக்கு, சமையல் வேலை செய்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பங்களாவில் கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை 6 மணிக்கு முகூர்த்தம். கார்னேஷன் 90 கட்டு, அதாவது 1,800 தண்டு, அதோடு லில்லியம், ஜிப்சோபிலா, மணமக்களுக்கு ரோஜா மாலை, பெண்களுக்குத் தலையில் வைக்க மல்லிகை என்று மொத்தம் 2,40,000 ரூபாய்க்கு வேலை பேசினோம். ஏற்பாட்டாளர் முன்பணமாக 60,000 கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை திடீரென்று நுழைவாயில் வளைவு ஒன்றும் வேண்டும் என்று சொல்ல, அதற்கு 38,000 சேர்ந்தது. மீதிப் பணத்தில் பாதியைப் பூ இறக்குமுன், மறுபாதியை முகூர்த்தம் முடிந்ததும் தருவதாகப் பேச்சு. இந்தப் பேச்சு முழுவதும் தொலைபேசியில்தான் நடந்தது. வாட்ஸ்அப்பில் பூ வகையும் நிறமும் மட்டுமே எழுத்தில் இருந்தன, பணம் எப்போது என்பது எழுத்தில் இல்லை. இது என் தவறு.

பனிக்காலத்தில் மல்லிகை வரத்து மிகவும் குறைந்துவிடும். சத்தியமங்கலம் சந்தையில் தை முகூர்த்த நாட்களில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அதை ரொக்கமாகக் கொடுத்துத்தான் எடுக்க முடியும். கார்னேஷன் எங்கள் ஊர்ப் பசுமைக்குடில்களில் விளைவதுதான் என்றாலும், அந்த விவசாயிகளும் வாரக் கணக்கில் ஆட்களுக்குக் கூலி கொடுப்பவர்கள், அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆக, அவர் கொடுத்த 60,000 ரூபாய் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் மட்டுமே சரியாக இருந்தது. மற்றதெல்லாம் என் கைப்பணம். வெள்ளி இரவு முழுவதும் ஏழு பேர் உட்கார்ந்து வேலை செய்தோம். லில்லியம் விரிய விரிய உள்ளே இருக்கும் மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் பட்டுப்புடவையில் பழுப்புக் கறை படிந்துவிடும். இப்படிப்பட்ட வேலைகளெல்லாம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, கூலிக் கணக்கில் மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வண்டி பங்களா வாசலில் நின்றது. பேசியபடி ஏற்பாட்டாளரிடம் பணம் கேட்டேன். "பொண்ணோட அப்பா குஞ்சப்பனை செக்போஸ்ட்ல இ-பாஸ் வரிசையில நிக்கிறார் அக்கா, போன் எடுக்கல. நீங்க இறக்குங்க, வெயில் ஏறினா பூ வாடிடும்" என்றார். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்ற இ-பாஸ் நடைமுறை வந்த 2024 மே மாதத்திலிருந்து, மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள அந்தச் சாவடியில் வண்டிகள் நிற்பதை நாங்கள் தினமும் பார்ப்பதால், எனக்குச் சந்தேகமே எழவில்லை. சிறிது நேரத்தில் அவரே ஒரு காசோலையை நீட்டினார். திங்கட்கிழமைத் தேதியிட்டு மீதி முழுத் தொகையும் எழுதியிருந்தது. பாதி கேட்ட இடத்தில் முழுவதும் கொடுக்கிறாரே என்று மகிழ்ந்து பூவை இறக்கினேன்.

இந்த இடத்தில்தான் ஒரு விஷயத்தை நம் தொழில்காரர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். நாற்காலி கொடுத்தவர் பணம் வராவிட்டால் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போகலாம், விளக்குக்காரர் மின்இணைப்பைத் துண்டிக்கலாம். நாம் வண்டியிலிருந்து இறக்கி, தண்டை வெட்டிச் செருகிய பூவைத் திரும்ப எடுத்து யாருக்கு விற்பது? வண்டிக் கதவு மூடியிருக்கும் வரைதான் நமக்குப் பேசும் பலம் இருக்கிறது. அந்த ஆளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வரவேற்பு மேடை மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. காலை முகூர்த்த மண்டபத்துக்கென்று 30 கட்டு கார்னேஷனைப் பத்து வாளிகளில் தனியாக வைத்திருந்தோம். எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த குளிர்ந்த அறையை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, வாளிகளைச் சமையலறைப் பக்கத்துச் சாமான் அறையில் வைக்கச் சொன்னார்கள். அங்கே பழுத்துக்கொண்டிருந்த வாழைத்தார்கள் ஐந்தாறு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, ஆப்பிள் பெட்டிகளும் இருந்தன. அடுப்புச் சூடு வேறு. பழுக்கும் பழங்களிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிவரும். பூக்களில் அதற்கு மிக எளிதில் பலியாகும் வகைகளில் கார்னேஷனும் ஒன்று. இலையும் தண்டும் பச்சையாகவே இருக்க, இதழ்கள் மட்டும் உள்நோக்கிச் சுருண்டுவிடும். பூ தூங்கிவிட்டது என்று எங்கள் கடையில் சொல்வோம், தூங்கிய பூ மறுபடி விழிப்பதில்லை. வாழைத்தாரை வெளியே எடுங்கள், இல்லையென்றால் வாளிகளை வராந்தாவில் வைக்கிறேன் என்று ஏற்பாட்டாளரின் மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னேன். வராந்தாவில் விருந்தினர் நடமாட்டம் இருப்பதால் வைக்கக் கூடாது, தாரைத் தாமே எடுத்துவிடுவதாக அவர் உறுதி சொன்னார். அந்தப் பேச்சை நம்பி வீட்டுக்குப் போனேன்.

அதிகாலை நான்கு மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது தார்கள் வைத்த இடத்திலேயே இருந்தன, 600 பூவும் சுருண்டிருந்தது. அந்த நிமிடம் என் கை நடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம். வெளியூரிலிருந்து பூ வரவழைக்க வழியே இல்லை, மைசூர்ப் பக்கத்திலிருந்து வரும் முதுமலை வழிச் சாலை வனவிலங்குகளுக்காகக் காலை 6 மணி வரை மூடியிருக்கும், கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து சேரவும் நேரம் போதாது. கடையில் எப்போதும் அவசரத்துக்கு வைக்கும் 10 கட்டு இருந்தது. மீதி 20 கட்டுக்கு, எனக்குப் பல ஆண்டுகளாகப் பூ தரும் விவசாயி அண்ணனை எழுப்பினேன். பெங்களூருக்கு அனுப்பக் குளிரறையில் கட்டி வைத்திருந்த பூவை எடுத்து, அவரே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். கட்டு 220 ரூபாய் வீதம் 4,400 ரூபாயை நான்தான் கொடுத்தேன். ஐந்து நாற்பதுக்கு மண்டபம் தயாராகிவிட்டது. தாலி கட்டும்போது ஒரு பூகூடக் குறையாமல் இருந்தது. பெண்ணின் பாட்டி என் கையைப் பிடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பின்புறம் ஒதுக்கி வைத்த அந்தச் சுருண்ட பூக்களை ஞாயிறு மதியம் ஏற்பாட்டாளரின் ஆட்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். குப்பை அகற்றுவதற்கு ஆதாரம் வேண்டுமாம். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நானோ மேடையையும் மண்டபத்தையும் முழுதாகப் படமெடுத்து வைக்கவில்லை. பிறகு என் வேலையாட்களில் ஒரு பெண் தன் கைபேசியில் எடுத்திருந்த ஒரு சிறு காணொளிதான் இன்று வழக்கில் எனக்கு உதவுகிறது.

காசோலை செவ்வாய்க்கிழமை பணம் போதவில்லை என்று திரும்பியது. அவரை அழைத்தேன். பெண் வீட்டார் இன்னும் தரவில்லை, பத்து நாள் கழித்துப் போடுங்கள் என்றார். பத்து நாள் கழித்து இன்னொரு பத்து நாள். ஒவ்வொரு முறையும் மிகப் பணிவாக, "அக்கா உங்க பணம் எங்கயும் போகாது" என்பார். அந்தப் பணிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த முப்பது நாளையும் என்னைப் பேசியே கடத்திவிட்டார்.

பெண் வீட்டாரிடம் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மஞ்சள் காயுமுன் பணம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பது முறையல்ல என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். ஒன்றரை மாதம் கழித்து, வேறு வழியில்லாமல் பெண்ணின் அப்பாவை அழைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பூவுக்கு மட்டும் 4,50,000 ரூபாயைக் கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமையே வங்கி வழியாக அனுப்பிவிட்டாராம். குஞ்சப்பனையில் வரிசையில் நிற்கிறார் என்று என்னிடம் சொன்ன அதே நேரத்தில், அவர் அந்தப் பங்களாவின் மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவே வந்துவிட்டாராம். இருபது படி ஏறிக் கேட்டிருந்தால் என் பணம் என் கையில் இருந்திருக்கும். அதோடு, பூக்காரி பழைய பூ கொண்டுவந்ததால் காலையில் குழப்பம் ஆகிவிட்டது என்று சொல்லி, அவருக்கு 15,000 ரூபாயைத் திருப்பியும் கொடுத்திருக்கிறார்கள். பணம் போனதைவிட, அந்த வீட்டில் என்னைப் பழைய பூ விற்பவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்களே என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்தப் பெரியவர் நல்ல மனிதர், பணம் அனுப்பிய வங்கி விவரத்தின் நகலைத் தாமே எடுத்து அனுப்பினார்.

குன்னூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோது, முப்பது நாள் போனதால் எல்லாம் போய்விடவில்லை என்று சொன்னார். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை மறுபடி வங்கியில் செலுத்தலாம், மறுபடி திரும்பினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 30 நாள் கிடைக்கும். அப்படியே செய்தோம். இரண்டாவது முறை திரும்பிய நான்காம் நாள் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். அதைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்குத் தொடரலாம். காசோலையைச் செலுத்திய, நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே வழக்கு நடக்கும் என்பதால், அவருடைய ஊருக்கு நான் இறங்கிப் போக வேண்டியதில்லை. பலர் இந்த ஒன்றுக்குப் பயந்தே பணத்தை விட்டுவிடுகிறார்கள் என்று வழக்கறிஞர் சொன்னதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பதினைந்து நாள் முடியும் தறுவாயில் அவரிடமிருந்து பதில் வந்தது, சுருண்ட கார்னேஷன் படங்களுடன். பழைய பூவாக இருந்தால் இதழோரம் பழுப்பேறி, இலையும் மஞ்சளாகியிருக்கும். அவர் அனுப்பிய படங்களிலேயே இலைகள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன, ஒரு படத்தின் மூலையில் வாழைத்தாரும் தெரிகிறது.

விசாரித்துப் பார்த்ததில், அதே கல்யாணத்துக்கு விளக்குப் போட்டவர் ஊட்டிக்காரர், மேசை நாற்காலி கொடுத்தவர் குன்னூர்க்காரர். மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, மூவரிடமும் திங்கட்கிழமைத் தேதியிட்ட காசோலை. ஒரே ஊரில் ஆள் எடுத்தால் பேசிக்கொள்வார்கள் என்றுதான் ஊருக்கு ஒருவராகப் பிடித்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. வேலை தொடங்குமுன், அதே விழாவில் வேலை செய்யும் மற்றவர்களின் எண்களைக் கேட்டு வாங்கி ஒரு முறை பேசிவிடுங்கள். கொடுக்கத் தயங்கும் ஏற்பாட்டாளரிடம் வேலை எடுக்காதீர்கள். திங்கட்கிழமைத் தேதியிட்ட காசோலை உங்கள் கையிலும் இருந்தால், வங்கி கொடுத்த திருப்புச் சீட்டைத் தொலைக்காமல் வைத்துக்கொண்டு, நாட்களை எண்ணி உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது என் கடையில் ஒரு பக்கத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். பணம் எந்த நாளில் எவ்வளவு, பூ எந்த அறையில் இருக்கும், அந்த அறையில் பழம் இருக்கக் கூடாது, மேடை முடிந்ததும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் யார், விழா வீட்டாரின் நேரடி எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த வேறோர் ஏற்பாட்டாளரின் வேலை. மண்டப வாசலில் வண்டிக் கதவைத் திறக்காமல் 40 நிமிடம் நின்றோம். அவர் அதற்கு வருத்தப்படவே இல்லை, "எழுதினதுதானே அக்கா, வங்கியில கொஞ்சம் தாமதம்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பணம் கணக்கில் ஏறிவிட்டதைப் பார்த்த பிறகு முதல் வாளியை இறக்கினோம்.