ஆவணப்படத்துக்கு எந்தப் பணம்? மானியம், முன்விற்பனை, கிரவுட் ஃபண்டிங், கைப்பணம்

சுயாதீன ஆவணப்படத் தயாரிப்பாளருக்கு வயதான காலத்தில் சோறு போடுவது, முடித்த படங்களில் அவர் கையில் மிச்சம் வைத்திருக்கும் உரிமைகள்தான். அதனால் நிதி வழிகளை ஒப்பிடும்போது தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். பணம் எப்போது கைக்கு வருகிறது, பதிலுக்கு எந்த உரிமையை எடுத்துக்கொள்கிறது, படம் முடிந்ததும் எதையெல்லாம் ஒப்படைக்கச் சொல்கிறது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டும்.

மானியம்

மானியத்தின் பெரிய பலம், பெரும்பாலும் அது உரிமையைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் சன்டான்ஸ் ஆவணப்பட நிதி ஆரம்பகட்ட ஆய்வு, படப்பிடிப்பு, எடிட்டிங் எனப் படத்தின் வெவ்வேறு கட்டங்களுக்கு உதவுகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவான ஐடிஎஃப்ஏவின் பெர்த்தா நிதி ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, மத்திய கிழக்கு போன்ற பகுதிகளின் படைப்பாளிகளுக்கானது. ஆனால் மானியம் போலத் தெரியும் எல்லாமே மானியம் ஆகிவிடாது. சுயாதீனப் படங்களுக்கு நிதி தரும் அமெரிக்க அமைப்பான ஐடிவிஎஸ் தரும் பணத்துக்குப் பின்னால் பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான உரிம ஒப்பந்தம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் மாதிரி ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

பலவீனம் காலம். விண்ணப்பத்துக்கும் முதல் தவணைக்கும் நடுவே அரை ஆண்டு ஓடிப்போவது சாதாரணம். அதற்குள் நாம் பின்தொடரும் மனிதரின் வழக்கு தீர்ந்திருக்கும், தேர்தல் முடிந்திருக்கும். ஏற்கெனவே செய்த செலவைப் பெரும்பாலான நிதிகள் திருப்பித் தருவதுமில்லை. நேரடியாகத் தனிநபருக்குத் தர இயலாத அறக்கட்டளையென்றால் நடுவில் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு நிதிப் பொறுப்பேற்க வேண்டும். அது பொதுவாக 5 முதல் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளும். பட்ஜெட்டில் அந்த வரியை மறந்தவர்கள் கடைசியில் கலர் கரெக்‌ஷன் பணத்தில் கைவைக்கிறார்கள்.

நிராகரிப்புகளில் பெரும்பகுதி மூன்று காரணங்களால் வருகிறது. கதைச் சுருக்கம் பிரச்சினையை விளக்குகிறது, யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்வதில்லை. அந்த மனிதர்கள் நம்மை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்பதற்குக் காட்சி ஆதாரம் இல்லை. பட்ஜெட் ஒன்று சொல்கிறது, கால அட்டவணை வேறொன்று சொல்கிறது: 60 நாள் படப்பிடிப்பு என்று எழுதிவிட்டு 25 நாளுக்கு ஒளிப்பதிவாளர் சம்பளம் போட்டிருப்பார்கள். மாதிரிக் காட்சியாக இசை சேர்த்துப் பரபரப்பாக வெட்டிய டிரெய்லரைவிட, வெட்டாமல் நகரும் ஒரு முழுக் காட்சியை அனுப்புங்கள். தேர்வுக்குழு தேடுவது நெருக்கத்தை. வேகமான வெட்டு அதை மறைத்துவிடும்.

முன்விற்பனை

படம் முடியும் முன்பே தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பு உரிமையை வாங்குவது இது. ஐடிஎஃப்ஏ ஃபோரம், ஹாட் டாக்ஸ் ஃபோரம், ஷெஃபீல்டின் மீட்மார்க்கெட் போன்ற சந்தைகள் இதற்காகவே இருக்கின்றன. நான்கு வழிகளில் தொகை பெரிதாக இருப்பதும், சிக்கல் அதிகமாக இருப்பதும் இங்கேதான்.

முதல் சிக்கல் தவணை. கையெழுத்தில் கொஞ்சம், ரஃப் கட் (படத்தின் முதல் முழு எடிட்) ஒப்புதலில் கொஞ்சம், மீதி முடிந்த படத்தை ஒப்படைக்கும் டெலிவரிக்குப் பின். அந்தக் கடைசித் தவணை தொழில்நுட்பச் சோதனையில் தேறிய பிறகுதான் வரும். மொத்தத்தில் 25 சதவீதம் அப்படி நின்றுவிட்டால், ஒலிக்கலவைக்கும் ஆர்க்கைவ் காட்சிகளுக்கும் (பிறர் எடுத்த பழைய பதிவுகளுக்கும்) பணம் தேவைப்படும் நேரத்தில் கை வறண்டிருக்கும். ஒப்பந்தம் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காமல், மாதவாரியாகப் பணவரவுத் தாள் ஒன்று போடுங்கள். எந்த மாதம் கணக்கு மைனஸில் போகிறதோ அந்த மாதத்துக்கான இடைக்காலக் கடனின் வட்டியும் பட்ஜெட்டில் ஏற வேண்டும்.

இரண்டாவது, டெலிவரிப் பட்டியல். 90 நிமிடப் படத்தோடு 52 நிமிடப் பதிப்பு ஒன்றும் கேட்பார்கள். அது பல வார எடிட்டிங் வேலை. ஐரோப்பிய ஒளிபரப்புக்கு, அங்குள்ள ஒளிபரப்பாளர் ஒன்றியத்தின் ஈபியு ஆர் 128 விதிப்படி ஒலியளவு −23 எல்யுஎஃப்எஸ் (சராசரி ஒலியளவின் அலகு), அமெரிக்காவுக்கு −24. பேச்சில்லாத இசை–ஒலி ட்ராக், எழுத்துகள் இல்லாத பிரதி, வசனப் பட்டியல், இசைப் பயன்பாட்டுப் பட்டியல், பிழை மற்றும் விடுபடல் காப்பீடு (அவதூறு, உரிமை மீறல் வழக்குகளுக்கானது) என்று நீளும். காப்பீட்டு நிறுவனம் எல்லா ஒப்புதல் கடிதங்களையும் உரிமைச் சங்கிலியையும் (உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற ஆவணங்களையும்) கேட்கும். படத்தில் வந்த ஒருவரிடம் முதல் நாளே கையெழுத்து வாங்காமல் விட்டு, இரண்டு ஆண்டு கழித்து அவரைத் தேடி அலைவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

ஆர்க்கைவ் காட்சிக்கு விலை நிலப்பரப்பு, காலம், ஊடகம் என்ற மூன்றையும் பொறுத்து ஏறும். திரைப்பட விழாவுக்கு மட்டும் என்று மலிவாக வாங்கிவிட்டுப் பின்னால் எல்லா ஊடகத்துக்கும் விரிக்கப் போனால், பேரம் பேசும் பலம் நம்மிடம் இருக்காது. முதல் ஒப்பந்தத்திலேயே விரிவாக்க விலையையும் எழுதி வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவதாக, முன்விற்பனையையும் கூட்டுத் தயாரிப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்விற்பனையில் வாங்குபவருக்குக் குறிப்பிட்ட நாடு, குறிப்பிட்ட ஆண்டுகள், குறிப்பிட்ட ஒளிபரப்புகள் மட்டும். கூட்டுத் தயாரிப்பாளருக்கு லாபத்திலும், பல சமயம் காப்புரிமையிலும் பங்கு உண்டு. எண்ணில் பாருங்கள். படம் பிறகு 100க்கு விற்கிறது. படத்தை நாடு நாடாக விற்றுத் தரும் சேல்ஸ் ஏஜென்ட்டின் கமிஷன் 30, அவருடைய செலவு 20 என்று போனால் மீதி 50. கூட்டுத் தயாரிப்பாளருக்கு 40 சதவீதப் பங்கென்றால் 20 போய், நமக்கு 30. கூட்டுத் தயாரிப்பு இல்லாமல் முன்விற்பனை மட்டும் என்றால் அதே 50 முழுதும் நமக்கு. கூடுதலாகக் கிடைத்த முதலீடு இந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்பதைத்தான் எடைபோட வேண்டும். முழுச் செலவையும் ஏற்று எல்லா உரிமையையும் எடுத்துக்கொள்ளும் ஓடிடி ஒப்பந்தம் இதன் கடைக்கோடி: அது நல்ல சம்பளம், ஆனால் அலமாரியில் சொத்து எதுவும் சேராது.

கிரவுட் ஃபண்டிங்

இணையத்தில் பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டும் இது சிறிய தொகைக்கான வழி. கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் இலக்கை எட்டாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. பிரச்சாரம் அதிகபட்சம் 60 நாள். தளத்தின் பங்கு 5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. உண்மையான லாபம் பங்களித்தவர்களின் மின்னஞ்சல் பட்டியல். பின்னால் திரையிடல்களுக்கு அதுவே கூட்டம் சேர்க்கும். எச்சரிக்கை இரண்டு. பங்களிப்பவர்களுக்குப் படத்தின் இணைய இணைப்பை உறுதியளித்தால், தேதியைத் திரைப்பட விழாவின் முதல் திரையிடலுக்கும் ஒளிபரப்புக்கும் பிறகு என்று எழுதுங்கள். அதிகாரத்தை எதிர்த்து நிற்கும் மனிதர்களைப் பற்றிய படமென்றால் இந்த வழியே வேண்டாம். பிரச்சாரம் தொடங்கிய அன்றே அவர்கள் முகம் வெளியே போய்விடும். நாம் படம் பிடித்து முடிக்கும்வரை அவர்கள் எப்படிப் பத்திரமாக இருப்பார்கள் என்பது நம் பொறுப்பு.

கைப்பணம்

நிறுவனங்களுக்குக் குறும்படம் எடுத்து, அந்தச் சம்பளத்தில் சொந்தப் படம் செய்வது பலரின் நடைமுறை. உரிமை முழுதும் கையில் நிற்கும், பணமும் ஓரளவு விரைவாக வரும். பறிபோவது நாள்கள். பலர் தவறவிடும் விஷயம்: தன் சம்பளத்தையும் சொந்தக் கேமரா வாடகையையும் பட்ஜெட்டில் பூஜ்யமாகப் போடுவது. சந்தை விலையில் எழுதி, வரவுப் பக்கத்தில் ‘தயாரிப்பாளர் முதலீடு’ என்று காட்டுங்கள். அப்போதுதான் பின்னால் வரும் கூட்டாளியோடு பங்கு பேசும்போது உங்கள் உழைப்புக்கும் ஒரு சதவீதம் இருக்கும். சேமிப்பகத்தையும் மறக்க வேண்டாம்: யுஎச்டி ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவில் வினாடிக்கு 24 ஃப்ரேமில் ஒரு மணி நேரம் சுமார் 320 ஜிகாபைட். 150 மணி நேரக் காட்சி ஒரு பிரதிக்கே 48 டெராபைட். பாதுகாப்புக்கு மூன்று பிரதி.

எப்போது எது

காத்திருக்க முடியாத நிகழ்வென்றால் கைப்பணத்தில் உடனே தொடங்கி, கிடைத்த காட்சிகளோடு முன்விற்பனைக்குப் போகலாம். பல ஆண்டு ஒருவரோடு இருந்து எடுக்கும் படத்துக்கு மானியமே ஏற்றது. ஒளிபரப்பாளரின் டெலிவரி தேதி அத்தகைய படத்தை அரைகுறையாக முடிக்க வைக்கும். எங்கள் பரிந்துரை: மாதிரிக் காட்சி வரை கைப்பணம், பிறகு மானியம், ஒன்றிரண்டு நாடுகளுக்கு மட்டும் முன்விற்பனை, மீதி நாடுகளின் உரிமையை ரஃப் கட் வரை விற்காமல் வைத்திருப்பது. ரஃப் கட்டுக்கு முன் படத்தின் மதிப்பை நம்மைத் தவிர யாராலும் ஊகிக்க முடியாது. அப்போது விற்றால் அந்த ஐயத்துக்கான தள்ளுபடியையும் நாமே தருகிறோம். அதன்பின் சேல்ஸ் ஏஜென்ட் வரும்போது மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் உறுதிசெய்யுங்கள்: செலவுக்கு உச்சவரம்பு, ஆண்டுக்கு இருமுறையாவது கணக்கு அறிக்கை, குறிப்பிட்ட காலத்துக்குள் விற்காத நாடுகளின் உரிமை தானாகவே தயாரிப்பாளரிடம் திரும்புவது.