கோத்தகிரிப் பள்ளியொன்றின் விருப்பக் கைத்தொழில் வகுப்புகள்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கோத்தகிரி வட்டாரத்தில் என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும் தனியார் பள்ளியில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகலில் கைத்தொழில் வகுப்புகள் நடைபெறுகின்றன. தேயிலை தயாரிப்பு, தோடர் பூத்தையல் (நீலகிரியின் தோடர் பழங்குடியினரின் எம்பிராய்டரி), மரவேலை, தேனீ வளர்ப்பு, ரோபாட்டிக்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்றை மாணவர் தாமே தேர்ந்தெடுத்து ஒரு பருவம் முழுவதும் கற்க வேண்டும். மகள் ஆறாம் வகுப்பில் பூத்தையலும் மரவேலையும் கற்றாள். இப்போது தேயிலை வகுப்பில் இருக்கிறாள். மற்ற இரண்டையும், பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம் என்று பள்ளி அளித்திருக்கும் அனுமதியைப் பயன்படுத்திப் பார்த்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே போன்ற வகுப்புகளைத் தேடும் பெற்றோருக்கும், தொடங்க நினைக்கும் பள்ளிகளுக்கும் வகுப்பு நடக்கும் முறைதான் பயன்படும் என்று நம்புகிறேன்.

எந்தக் கைத்தொழில் வகுப்பையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்: பிள்ளை செய்யும் பிழையை அதற்குக் காட்டுவது யார்? ஆசிரியர் வந்து சொல்லும் வரை பிழை தெரியாது என்றால், அந்த வகுப்புக்கும் காலையில் நடக்கும் மற்றப் பாடங்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. இலையோ துணியோ மரமோ தானே பிழையைக் காட்ட வேண்டும்; காட்டிய பிறகு அதைப் பிரித்துத் திரும்பச் செய்யப் பிள்ளைக்கு நேரமும் பொருளும் இருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் இதற்கு இணையான பயிற்சி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது தேயிலை வகுப்பு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். வேண்டும் என்பதற்கான காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் பறிக்கப்படும் பச்சைத் தேயிலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கான தேயிலைத் தூள் கடையிலிருந்து பொட்டலமாக வருகிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைப் பற்றிய கவலைப் பேச்சை அன்றாடம் கேட்டு வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், அந்த இலை எவ்வாறு தூளாகிறது என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை.

இதைக் கற்பிப்பவர் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் பொறுப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வியாழன் மாலையில் பிள்ளைகள் பள்ளியின் பின்புறச் சரிவில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளி, எடைபோட்டு, மூங்கில் தட்டுகளில் மெல்லப் பரப்பி வைக்கிறார்கள். மறுநாள் மதியம் மீண்டும் எடைபோடும்போது இலை இழந்த நீரின் அளவு கணக்கேட்டில் ஏறுகிறது. நன்றாக வாடிய இலையைக் கையில் பிடித்து அழுத்தினால் முறியாமல் துவளும். வாடாத இலையை உருட்டினால் கிழியும். இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இலையே காட்டிவிடுகிறது. உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து அழுத்தி உருட்டும்போது இலையின் செல்கள் உடைந்து, வெளிவரும் சாறு காற்றில் படுகிறது. இலையிலேயே இருக்கும் நொதிகள் வேலையைத் தொடங்க, பச்சை மறைந்து செம்பு நிறம் ஏறுகிறது. சூட்டில் உலர்த்தியதும் நொதிகள் செயலிழந்து அந்த மாற்றம் நின்றுவிடும். ஆகவே எந்த நேரத்தில் உலர்த்துவது என்பதில்தான் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது. அவசரப்பட்டால் தேநீரில் பச்சை வாடை தங்கிவிடும். தாமதித்தால் சுவையில் துடிப்பு இராது. குளிர் மிகுந்த நாளில் நிறம் ஏறுவதற்கு நேரம் கூடுதலாகிறது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்து எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தட்டை முகர்ந்து பார்க்கச் சொல்கிறார், பிறகு பிள்ளைகளையே முடிவெடுக்க விடுகிறார். தவறான முடிவின் தேநீரையும் அவர்களே குடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைத் தேயிலை வேண்டும் என்ற விகிதத்தை அவர்கள் தங்கள் எடைக் கணக்கிலிருந்தே வருவித்தார்கள். வீட்டில் பேசப்படும் விலைக்கும் கடையில் கொடுக்கும் விலைக்கும் நடுவே என்னென்ன செலவுகள் இருக்கும் என்று அதன் பின்னர் நடந்த உரையாடல், எந்தப் பொருளியல் பாடத்துக்கும் குறைந்ததன்று. இங்குள்ள தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் தூள் தயாரிக்கின்றன. கையால் உருட்டும் முறை, இலையைத் துண்டாக்காமல் உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையோடு உறவுடையது. இந்த வேறுபாட்டைக் காட்டத் தொழிற்சாலை ஒன்றுக்கும் அழைத்துச் சென்றிருந்தால் வகுப்பு முழுமை பெற்றிருக்கும். அதற்கு இதுவரை பள்ளி ஏற்பாடு செய்யவில்லை.

பூத்தையல் வகுப்பை அருகிலுள்ள மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றிலிருந்து வரும் தோடர் பெண்மணி நடத்துகிறார். பிள்ளைகள் அவரை அக்கா என்றே அழைக்கிறார்கள். வெண்ணிறமான முரட்டுப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், வரைபடமோ சட்டமோ இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைப்பது இக்கலையின் இயல்பு. துணியின் பின்புறத்தில் ஊசியை ஓட்டி, மறுபுறத்தில் புடைத்து எழும் கோலத்தை முகப்பாகக் கொள்கிறார்கள். ஓரிடத்தில் ஓர் இழை கூடுதலாகவோ குறைவாகவோ எண்ணப்பட்டால் அப்போது எதுவும் தெரியாது. பல வரிசைகள் தாண்டி, இரு பக்கமும் நடுவில் கூட வேண்டிய இடத்தில் கூடாமல் நிற்கும்போது பிழை தெரியும். அதுவரை தைத்ததைப் பிரிக்க வேண்டும். கணக்கு என்றாலே கண்ணீர் விடும் என் மகள், மடங்குகளையும் சமச்சீரையும் இங்கே கண்ணீரில்லாமல் கற்றாள். அக்கா அவளுக்காக ஒரு வரிசையைக்கூடத் தைத்துக் கொடுத்ததில்லை. அந்தக் கண்டிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இவ்வகுப்பைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோடர் பூத்தையலுக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் உரிமை அக்கலையைக் காத்துவரும் மக்களைச் சார்ந்தது. ஆண்டு விழாக் கண்காட்சியில் பிள்ளைகள் தைத்த புத்தக அடையாளக் குறிகளைத் 'தோடர் பூத்தையல்' என்று எழுதி விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அக்கா அதை அமைதியாக எடுத்துச் சொன்ன பிறகே 'மாணவர் பயிற்சித் தையல்' என்று மாற்றினார்கள். பிறருடைய கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளி, கலைக்கு உரியவர்கள் சொல்லும் வரை காத்திராமல் இதை முதல் வகுப்பிலேயே விளக்கியிருக்க வேண்டும். இப்போது விளக்குகிறார்கள் என்று அறிகிறேன்.

மரவேலைக் கூடம் சிறியது. மின்சாரக் கருவிகள் எவையும் இல்லை, அதுவே சரி. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரத்தின் பலகைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. காரமடையிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஆசாரி ஒருவர் கற்பிக்கிறார். "ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துட்டு இழைப்புளியை வை கண்ணு, அதுக்கு எதிரா போனா மரம் பேத்துக்கும்" என்று அவர் சொல்லும் ஒரே வாக்கியத்தில் பாதிப் பாடம் அடங்கிவிடுகிறது. பருவ முடிவில் ஒவ்வொருவரும் ஆணியில்லாமல், துளையும் அதில் செருகும் முனையான கழுந்தும் பூட்டிய ஒரு முக்காலியைச் செய்து முடிக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் அறுத்த கால் சாய்ந்தே நிற்கும். யாரும் மதிப்பெண் போட வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும். அந்த மாதங்களின் ஈரத்தில் மரம் ரேகைக்குக் குறுக்காக உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். நவம்பரில் இறுகப் பூட்டிய கழுந்து பிப்ரவரியில் தளர்ந்ததைக் கண்ட பிள்ளைகள் காரணம் கேட்டபோது, ஆசாரி ஒரு பலகையின் அகலத்தை இரு பருவங்களிலும் அளந்து எழுத வைத்தார்.

குறையும் உண்டு. இழைப்புளிகளும் ரம்பங்களும் பெரியவர்களுக்கானவை. மேசையின் உயரமும் அப்படியே. உயரம் குறைந்த பிள்ளைகள் தோளைத் தூக்கிக்கொண்டு இழைக்கிறார்கள். கை சோர்ந்ததும் கருவி வழுக்குகிறது. இது பாதுகாப்பைப் பற்றிய செய்தி என்பதால் பள்ளிக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன். மேசைக்கு முன்னால் நிற்பதற்கு மரப்படிகள் வந்துவிட்டன. சிறிய இழைப்புளிகள் இன்னும் வரவில்லை.

தேனீ வகுப்பில் அடுக்குத் தேனீக்கள் குடியிருக்கும் பெட்டிகளை வைத்துக் கற்பிக்கிறார்கள். வலைமுகமூடியும் புகையூட்டியும் தேவையான அளவு உள்ளன. ஒவ்வாமை பற்றிய உறுதிமொழியைப் பெற்றோரிடம் முன்னதாகவே வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் மூடுபனியும் சாரலும் உள்ள நாளில் பெட்டியைத் திறக்க முடியாது. கோத்தகிரியில் அத்தகைய வெள்ளிக்கிழமைகள் ஏராளம். அன்றைக்குப் படம் வரைவதோடு வகுப்பு முடிகிறது. நல்ல வகுப்புதான் என்றாலும், பிப்ரவரி முதலான வெயில் மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

ரோபாட்டிக்ஸ் வகுப்பை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை. பெட்டியில் வரும் உதிரிகளை அச்சிட்ட தாளில் உள்ளபடி பூட்டினால் எல்லோருக்கும் ஒரே வண்டி ஓடுகிறது. ஓடாவிட்டால் பயிற்றுநர் வந்து கம்பியை மாற்றிச் செருகுகிறார். பருவ முடிவில் எல்லாவற்றையும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெற்றோரிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றிருப்பதும் இந்த வகுப்பே என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. இதே நேரத்தில், அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் நம் ஊரில், பழுதான டார்ச்சையும் எமர்ஜென்சி விளக்கையும் பிரித்து மல்டிமீட்டரால் சோதித்துச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்தால், மின்சுற்றைப் பற்றிப் பிள்ளைகள் இதைவிடப் பன்மடங்கு தெரிந்துகொள்வார்கள்.

பொதுவான பெருங்குறை நேரம். வகுப்பு 80 நிமிடங்கள் என்று அட்டவணை சொல்கிறது. கருவிகளை எடுத்து வைக்கவும் திரும்பத் துடைத்து அடுக்கவும் ஆகும் நேரம் போக மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி பக்கம் செல்லும் பிள்ளைகள் பேருந்துக்காக இன்னும் முன்னதாகவே எழுந்துவிடுகிறார்கள். காட்டெருமை நடமாடும் பாதைகளில் இருட்டிய பிறகு பிள்ளைகள் நடந்து செல்லக் கூடாது என்பதால், மாலையில் நேரத்தை நீட்டிக்க எந்தப் பெற்றோரும் உடன்பட மாட்டார்கள். வகுப்பைக் காலைக்கு மாற்றி, இரண்டு பாடவேளைகளுக்குப் பதிலாக மூன்றை ஒதுக்குவதே வழி. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளின் முக்காலிகள் மட்டும் பாதியில் நிற்பது நியாயமன்று.

தேர்வு முறையைப் பற்றியும் கூற வேண்டும். மூன்று விருப்பங்களை எழுதிக் கொடுத்து, இடம் போதாவிட்டால் குலுக்கல் நடத்துகிறார்கள். தொடக்கத்தில் பெண்பிள்ளைகள் தையலிலும் ஆண்பிள்ளைகள் மரவேலையிலும் குவிந்தார்கள். அதைக் கண்ட நிர்வாகம், எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் இவ்விரண்டையும் எல்லோரும் ஒருமுறையாவது கற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. விருப்ப வகுப்பில் கட்டாயம் எதற்கு என்று எதிர்ப்பு எழுந்தது. நான் அந்த விதியை ஆதரிக்கிறேன். இன்று பூத்தையலில் மிக நேர்த்தியாக இழை எண்ணுபவர்களில் சிலர், தாமாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டாத பையன்கள்.

பருவத்துக்கு 1,500 ரூபாய் பொருட்கட்டணம் வாங்குகிறார்கள். மரத்துக்கும் துணிக்கும் இது தகும். திருப்பித் தரவேண்டிய ரோபாட்டிக்ஸ் பெட்டிக்கும் அதே தொகையை வாங்குவது தகாது. இந்த வயதுக்குக் கைவேலை தேவை என்பதை அரசும் உணர்ந்தே இருக்கிறது: 2012இல் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்றவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள், அதே வகுப்புகளுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டு, அறிவியல், கணிதச் சோதனைகளைப் பிள்ளைகள் தாமே செய்து பார்க்க வழி பிறந்தது. எங்கள் பள்ளியின் மரவேலைக் கூடம் வாரத்தில் நான்கு நாட்கள் பூட்டியே கிடக்கிறது. பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளியின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு நாளை ஒதுக்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

புதிதாகச் சேர்க்கும் பெற்றோருக்கு என் பரிந்துரை இது. ஆறாம் வகுப்பில் பூத்தையலையோ மரவேலையையோ முதல் விருப்பமாக எழுதச் சொல்லுங்கள். விரல்கள் ஓரிடத்தில் நிதானமாக வேலை செய்யப் பழகுவதற்கு இவ்விரண்டும் ஏற்றவை. தேயிலை வகுப்பை ஏழாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் விகிதத்தையும் தாமே கணக்கிடும் பிள்ளைகளுக்குத்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கிறது. வியாழன் மாலையில் இலை பறிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து காத்திருக்காது என்பதால், அன்றைக்கு அழைத்துவர வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டியிருக்கும்.