பிபிஆர் (அரசின் குறைந்த வாடகை) வீடு எடுத்துத் தருவதாகச் சொன்ன கட்சிக்காரரிடம் 3,800 ரிங்கிட்டை இழந்தேன்: செந்தூல் வட்டாரத்தினர் கவனத்திற்கு

இன்று காலை 11 மணிக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் வீடமைப்பு முகப்பில் இருந்த பெண் அதிகாரி, நான் நீட்டிய கோப்பு எண்ணைக் கணினியில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, இது எங்கள் எண்ணே இல்லை என்று மலாயில் சொன்னார். ஏழு மாதங்களாகப் பணப்பையில் மடித்து வைத்திருந்த எண் அது. அதற்கு நான் கொடுத்த விலை 3,800 ரிங்கிட். ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதினால் என் தவறுகளை நானே மழுப்பிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். இத்தகையவர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்கியவர் ஒரு கட்சியின் கிளைப் பொறுப்பாளர். கடைவீட்டு மாடியில் 'மக்கள் சேவை மையம்' என்ற பலகையின் கீழ் அமர்ந்திருப்பவர். பெயரையும் கட்சியையும் இங்கே எழுதவில்லை. அவை போலீஸ் புகாரில் இருக்கின்றன. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர்தான் என்னை அவரிடம் அனுப்பினார். நாங்கள் இருக்கும் வீட்டுக்கு மாத வாடகை 1,100 ரிங்கிட். பிபிஆர் வீட்டுக்கு 124 ரிங்கிட். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாடி ஏறும் எவரும் பாதி ஏமாந்த நிலையில்தான் ஏறுகிறார்கள்.

நான் அவரை நம்பிய நேரத்தை இன்று நூறு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். சுவரில் கட்சித் தலைவரோடு அவர் கைகுலுக்கும் படங்கள் இருந்தன; அவை எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் இருக்கும், அவற்றுக்கு நான் மயங்கவில்லை. கீழே உள்ள கடைக்கு அழைத்துச் சென்று என் குடும்ப நிலவரத்தை ஒரு தாளில் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். மகன் எந்தப் பாரத்தில் படிக்கிறான், மாமியாருக்கு வாரத்தில் எத்தனை நாள் டயாலிசிஸ் என்றுகூடக் கேட்டார். பிறகு என் எதிரிலேயே யாரையோ தொலைபேசியில் அழைத்து, பட்டம் பெற்றவர்களை அழைக்கும் 'டத்தோ' என்ற சொல்லால் மரியாதையாகப் பேசி, எனக்கு ஒரு வீடு கேட்டார். புறப்படும்போது நான் குடித்த தே தாரிக் தேநீருக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டு, "நம்ம ஆளுங்களுக்கு நாமதானே தம்பி செய்யணும்" என்று தோளில் தட்டினார். இரண்டு ரிங்கிட் தே தாரிக்கில் விழுந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான். நம்மிடம் ஒரு காசும் எதிர்பாராதவர் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் வந்தது.

மூன்றாம் நாள் தொகையைச் சொன்னார். 3,000 ரொக்கமாக 'மேலிடத்துக்கு'. 800 'கோப்புச் செலவுக்கு'. முதலாவது என் மனைவி கூட்டு, அதாவது சீட்டு, கட்டி எடுத்த பணம். இரண்டாவதை முதலாளியிடம் முன்பணமாக வாங்கி, பொறுப்பாளர் கொடுத்த கணக்கு எண்ணுக்கு அனுப்பினேன். அந்தக் கணக்கு வேறொருவர் பெயரில் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். ரசீது கேட்டபோது, இதற்கெல்லாம் ரசீது கேட்பார்களா என்று சிரித்துவிட்டு, விண்ணப்பப் பாரத்தின் மேல் மையத்தின் சாப்பாவை (முத்திரையை) குத்தி, பேனாவால் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். இன்று நிராகரிக்கப்பட்டது அந்த எண்தான்.

சித்திரைக்குள் சாவி கையில் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சாக்குகள்: நோன்பு மாதம், அலுவலகத்தில் ஆள் குறைவு, நாடாளுமன்றம் நடக்கிறது, ஒய்பிக்கு (மக்கள் பிரதிநிதிக்கு) கையெழுத்து வைக்க நேரமில்லை, பொறுப்பில் இருந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்கு மறுபடியும் 'கோப்பிக் காசு', அதாவது லஞ்சம், கொடுக்க வேண்டியிருக்கும். ஜூன் மாதத்திலிருந்து என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. மாடியில் இருக்கும் பெண் ஒவ்வொரு முறையும், "அண்ணன் இப்பத்தான் வெளியே போனாரு" என்கிறார். ஒரே ஒரு படிக்கட்டு உள்ள கடைவீட்டில், நான் ஏறும்போது இறங்காத மனிதர் எந்த வழியாக வெளியே போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

இன்று மாநகர் மன்றத்திலிருந்து நேராகக் கட்சித் தலைவரின் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் நீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அந்தப் பொறுப்பாளர் கட்சி உறுப்பினர்தான், ஆனால் எங்கள் ஊழியர் இல்லை என்றார். அப்படியானால் அந்தப் பலகையில் உங்கள் தலைவரின் படம் எதற்கு என்று கேட்டதற்கு, படத்தை யார் வேண்டுமானாலும் மாட்டலாமே என்று பதில் வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, லஞ்சம் கொடுத்ததாக நீங்களே சொல்கிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னதில் உண்மை இருப்பதுதான் என்னை அதிகமாகச் சுடுகிறது. 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். எனக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்தைத் தாண்டத்தான் நான் 3,800 ரிங்கிட்டைக் கொடுத்தேன். இதை மறைத்து என்னை வெறும் அப்பாவியாகக் காட்டிக்கொள்ள முடியாது. ஆனால் இந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொறுப்பாளருடைய பழைய முகநூல் படங்களைப் புரட்டினேன். 2018 பொதுத்தேர்தலில் ஒரு நிறச் சட்டை, 2022இல் வேறொரு நிறச் சட்டை. 2018 மே 9 அன்று, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக ஆட்சியை மாற்றினோம் என்று பெருமைப்பட்டவன் நான். இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 2020 பிப்ரவரியில், எங்கள் வாக்கைக் கேட்காமலே ஆட்சி கைமாறியது. அதன் பிறகு கட்சித் தாவலுக்கு எதிரான சட்டம் 2022இல் வந்தது. அது நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் கட்டும். கடைவீட்டு மாடியில் இருப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் பற்றிய வழக்கில் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பில் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு விதிக்கப்பட்ட 12 ஆண்டுச் சிறை, 6 ஆண்டாகக் குறைக்கப்பட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தச் செய்தியை இந்த மனிதரும் படித்திருப்பார். என் 3,800 அவருக்கு எம்மாத்திரம்?

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் மாநகர் மன்றத்திடமே நேராக விண்ணப்பியுங்கள், எண்ணையும் அங்கேயே சரிபாருங்கள். பணம் கேட்பவரின் கணக்கு வேறு பெயரில் இருந்தால் அனுப்பாதீர்கள். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பாருங்கள். இணையவழியில் பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கு அந்த எண்ணும் உதவாது.

பணம் போனது மனைவிக்கு இன்னும் தெரியாது. 20 பேர் சேர்ந்த கூட்டு, மாதம் 150 ரிங்கிட், இன்னும் 9 மாதம் கட்ட வேண்டும். அடுத்த தவணை வரும் ஐந்தாம் தேதி.