சிறிய கூட்டமா, பெரிய கூட்டமா? நடுநிலை மரபணு மாற்றம் பரவும் விதம்

நல்லதும் செய்யாத, கெட்டதும் செய்யாத மரபணு மாற்றம் பரவுவதா மறைவதா என்பது முழுக்க தற்செயல்தான்.

10 பேர் கொண்ட கூட்டத்தில், ஆளுக்கு இரண்டு வீதம், ஒரு மரபணுவுக்கு 20 பிரதிகள் இருக்கும். புதிதாகத் தோன்றிய மாற்றம் ஒருநாள் எல்லோரிடமும் பரவிவிட 20-ல் 1 வாய்ப்பு. பரவினால் சராசரியாக 40 தலைமுறையில் வேலை முடிந்துவிடும். 10,000 பேர் என்றால் வாய்ப்பு 20,000-ல் 1, காலமோ 40,000 தலைமுறை.

சிறிய கூட்டத்தின் வேகத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பீட்டர் பியூரி 1956-ல் வெளியிட்ட ஆய்வில் பழ ஈக்களின் 107 கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் தலைமுறைக்கு 8 ஆண், 8 பெண் மட்டுமே. கண் நிறத்தை மாற்றும் மரபணுவின் இரண்டு வகைகள் சரிபாதியாகத் தொடங்கின. 19 தலைமுறைக்குள் பாதிக்கும் மேற்பட்ட கூட்டங்களில் ஏதோ ஒரு வகை மட்டுமே மிஞ்சியது.

சரி, அப்படியானால் நீண்ட காலத்தில் சிறிய கூட்டம்தான் வேகமாக மாறுமா? இல்லை! பெரிய கூட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் புது மாற்றங்கள் அதே விகிதத்தில் அதிகம் தோன்றும். இரண்டும் ஈடாகி, வேகம் ஒன்றாகிவிடுகிறது. மூலக்கூறு அளவில் நிலைத்த மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை இப்படி நல்லதும் கெட்டதும் செய்யாதவையே என்ற நடுநிலைக் கொள்கையை 1968-ல் முன்வைத்த ஜப்பானிய மரபியலாளர் மோட்டோ கிமுராவின் இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

மரபணுப் பன்மையைக் காப்பதில் மட்டும் பெரிய கூட்டமே மேல்.