காபன் செரமிக் பிரேக்கா, இரும்பு டிஸ்க்கா?

மச்சான், ஸ்போர்ட்ஸ் கார் ஆசை உள்ளவன் முதல்ல கேக்குறது இரும்பு பிரேக் டிஸ்க்குக்கு (வீலோட சுத்துற தட்டு) பதிலா காபன் நார் கலந்த செரமிக் டிஸ்க் போட்டா கெதியா நிக்குமா எண்டுதான், ஒருதரம் அமத்தி நிப்பாட்டுறதுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஏனெண்டா காரை நிப்பாட்டுறது கடைசில டயர்ட பிடி. வித்தியாசம் வாறது ரேஸ் ட்ராக்ல, முழு வேகத்துல இருந்து திரும்பத் திரும்ப அமத்தக்குள்ள இரும்பு சூடேறி பிடி குறையும், செரமிக் லேசுல விடாது. பாரமும் இரும்புல அரைவாசி அளவுதான், அதால வண்டி திரும்புறதும் லேசா இரிக்கும். போர்ஷே கம்பனி 2001லயே 911 ஜிடி2 எண்ட ஸ்போர்ட்ஸ் கார்ல செரமிக் பிரேக் குடுத்திட்டான்.

நம்மட மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் கடல் காத்துக்கு ரெண்டு நாள் சும்மா நிண்ட கார்ட இரும்பு டிஸ்க்ல செம்மஞ்சளா துரு படியும், செரமிக்ல அது இல்ல, ரிம்ல கறுப்புத் தூசியும் குறைவு. ஆனா அந்தத் துரு நாலு தரம் பிரேக் அடிச்சா போயிரும் (அதுக்கா இவ்வளவு காசு?). வீல் கழட்டக்குள்ள ரிம் தட்டுப்பட்டு ஓரம் உடைஞ்சிதெண்டா செரமிக் டிஸ்க்க இரும்பு மாதிரி லேத்துல கடைஞ்செடுக்க ஏலாது, புதுசுதான் போடணும், இஞ்ச பாட்ஸ் கடையில தொங்குற சாமானும் இல்ல அது. கல்முனை ரோட்டுல மாடு குறுக்கால வாற ஓட்டத்துக்கு இரும்பு டிஸ்க்கோட நல்ல டயர் ஒரு செட் காணும். ட்ராக்குல அடிக்கடி ஓடுறவனுகள்லயே செலவுக்குப் பயந்து இரும்புக்கு மாத்துறவன் இரிக்கான்.