பலாலியா, கட்டுநாயக்காவா, மீனம்பாக்கமா: சிமுலேட்டரில் முதல் டவர் எது?

கணினிச் சிமுலேட்டரில் விமானம் ஓட்டிச் சலித்து, இணையத்தில் மற்றவர்கள் ஓட்டுகிற விமானங்களை வழிநடத்தும் கொன்ட்ரோலர் கதிரைக்கு ஆசைப்படும் பொடியன்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: “அண்ணை, எங்கை இருந்து தொடங்கிறது?” ஊர்ப் பற்று உள்ளவன் பலாலி என்பான். கூட்டம் தேடுகிறவன் கட்டுநாயக்கா என்பான். கொஞ்சம் திமிர் பிடித்தவன் நேரே சென்னை மீனம்பாக்கம் என்பான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையைப் பழக்கப் பலாலி, வாயைப் பழக்கக் கட்டுநாயக்கா. சென்னைக்கு அவசரம் இல்லை.

சிமுலேட்டர் விமானிகளையும் கொன்ட்ரோலர்களையும் இணையத்தில் சேர்க்கிற வலையமைப்புகள் இரண்டு; வட்சிமா ஐ.வி.ஏ.ஓ.வா என்ற சண்டை வேறு சண்டை. ஐ.வி.ஏ.ஓ. 1998இல் வந்தது, வட்சிம் 2001இல். இரண்டும் இலவசம், இரண்டையும் நடத்துகிறவர்கள் தொண்டர்கள். இரண்டிலும் தரநிலை ஏறித்தான் மேலே போகலாம். வட்சிமில் எஸ்1 எடுத்தால் கிரவுண்ட் (தரையில் ஓடும் விமானங்கள்), எஸ்2க்கு டவர் (ஓடுபாதை), எஸ்3க்கு அப்ரோச் (நிலையத்தை நெருங்குகிற, விட்டுப் போகிற விமானங்கள்), சி1க்கு முழு வான்பரப்பு. எதில் சேர்ந்தாலும் கீழே சொல்கிற கணக்குகள் மாறாது.

மூன்று நிலையங்களிலும் ஓடுபாதையைத் தீர்மானிப்பது ஒரே காற்று. பலாலியின் பாதை 05/23 (திசைப் பாகையைப் பத்தால் வகுத்த எண்கள்: ஒரு பக்கம் 50 பாகை, மறுபக்கம் 230), கட்டுநாயக்காவுடையது 04/22, சென்னையின் பிரதான பாதை 07/25. எல்லாம் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கின்றன. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டத்தைத் தூக்குகிற வாடைக்காற்று வீசும்போது 05, 04, 07. சோளகம் பெயர்ந்தால் 23, 22, 25. ஒன்றில் பழகிய திசையுணர்வு மற்ற இரண்டிலும் கைகொடுக்கும். இந்த ஒரு விடயத்தில் மட்டும் போட்டி இல்லை.

பலாலியைச் சின்ன நிலையம் என்று லேசாக நினைப்பவர்கள் அங்கே இரண்டு விமானத்தை ஒரே நேரத்தில் கையாண்டு பார்க்காதவர்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது பயன்பாட்டில் இருந்த ஓடுபாதை 1,400 மீட்டர் அளவு. ஏ.டி.ஆர். 72 போன்ற டர்போப்ராப்புகளுக்கு (சுழலி வைத்த சிறிய பயணிகள் விமானங்களுக்கு) அது போதும். ஓடுபாதைக்கு இணையாக, விமானம் தரையில் ஊர்ந்து போக முழு நீள டாக்சிவே இல்லை. புறப்படுகிற விமானம் ஓடுபாதைக்குள்ளேயே இறங்கி, தலைப்பு வரை எதிர்த்திசையில் ஓடி, அங்கே முழுதாகத் திரும்பி நிற்க வேண்டும். பேக்ட்ராக் என்பது இதைத்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 நொட்ஸ் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் டாக்சி செய்தால் ஒரு செக்கனுக்குச் சுமார் 10 மீட்டர். முழு நீளமும் ஓட வேண்டியிருந்தால் இரண்டே கால் நிமிடம். திரும்ப அரை நிமிடம், ஓடி எழும்ப முக்கால் நிமிடம். மொத்தம் மூன்றரை நிமிடம் ஓடுபாதை உங்கள் கையில் இல்லை. இறங்க வருகிற ஏ.டி.ஆர். 120 நொட்ஸில் வந்தால் நிமிடத்துக்கு 2 கடல்மைல், அந்த மூன்றரை நிமிடத்தில் 7 மைல் தின்றுவிடும். வருகிறவர் 9, 10 மைலுக்கு வெளியே இருந்தால் மட்டும் “பேக்ட்ராக், லைன் அப்” (ஓடுபாதையில் ஓடித் திரும்பி நில்) என்று சொல்லுங்கள். உள்ளே வந்துவிட்டால் புறப்படுகிறவர் ஓடுபாதைக்கு வெளியே, ஹோல்டிங் பாயிண்டில் ஆறுதலாக நிற்கட்டும். இந்தக் கணக்கு தலைக்குள் ஏறாமல் டவர் தரநிலை எடுத்து என்ன பயன்?

இதற்குள் ஒரு செஸ்னா (சின்னத் தனியார் விமானம்) வந்தால் இன்னொரு முடிச்சு: முன்னால் போனவர் கிளப்பிவிட்ட காற்றுச் சுழல் அடங்க வேண்டும். ஏ.டி.ஆர். நடுத்தர வகை, செஸ்னா இலகு வகை. நடுத்தரத்துக்குப் பின்னால் இலகு புறப்பட, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதிப்படி 2 நிமிடம். செஸ்னா பேக்ட்ராக் செய்யாமல் நடுவிலிருந்தே கிளம்பக் கேட்டால் 3 நிமிடம். நேரம் மிச்சம் என்று நினைத்து ஓம் சொன்னால், மிச்சம் பிடித்ததில் ஒரு நிமிடம் அங்கேயே போய்விடும்.

ஆனால் பலாலியின் உண்மையான பாடம் மேலே, வானத்தில். சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில், 80 பாகை கிழக்கில் இருக்கின்றன. இடைத்தூரம் சுமார் 190 கடல்மைல், பாதை கிட்டத்தட்ட நேர் தெற்கு. அரைவட்ட விதிப்படி பறக்கும் திசை 180 பாகையிலிருந்து 359 வரை என்றால் உயரம் ஆயிரம் அடிக் கணக்கில் இரட்டை மட்டம், மற்றப் பாதிக்கு ஒற்றை மட்டம். நேர்கோட்டில் பார்த்தால் தெற்கே வருகிறவர் 180ஐச் சற்றே தாண்டுகிறார், அவருக்கு மட்டம் 160 அல்லது 180, அதாவது 16,000 அல்லது 18,000 அடி. வடக்கே போகிறவருக்கு 170 அல்லது 190. மேலே பறக்கும்வரை 1,000 அடி இடைவெளி தானாகவே கிடைக்கிறது. ஒருவர் இறங்க, மற்றவர் அதே கோட்டில் ஏற, அங்கேதான் வியர்க்கும்.

சிமுலேட்டரில் எந்தக் குக்கிராமத்து வானமென்றாலும் திரையில் எல்லா விமானமும் தெரியும். அந்தச் சலுகையைக் கொஞ்சக் காலம் மறந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. திரையைப் பார்க்காமல், விமானிகள் சொல்கிற தூரத்தையும் உயரத்தையும் தாளில் எழுதி ஓட்டிப் பாருங்கள். வருகிறவரை 8,000 அடிக்கு மட்டும் இறக்குங்கள், போகிறவரை 7,000 அடியில் நிறுத்துங்கள். பலாலியிலிருந்து உள்ள தூரத்தை வருகிறவர் “15 மைல்” என்றும் போகிறவர் “25 மைல்” என்றும் அறிவித்த பிறகு இருவரையும் விட்டுவிடலாம். ஒருவரையொருவர் கடந்துவிட்டார்கள், நடுவில் 10 மைலும் விழுந்துவிட்டது. ஒரே மட்டத்தில் ஒருவர் பின் ஒருவர் வந்தால், ரேடாரில் 5 மைல் போதும். ரேடார் இல்லாமல், இடத்தை அடிக்கடி சரிபார்க்க வழி இருந்தாலும் 10 நிமிடம் வேண்டும். 270 நொட்ஸில் பறக்கும் ஏ.டி.ஆருக்கு 10 நிமிடம் என்பது 45 மைல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர்ந்தவனுக்கு ரேடார் எதற்காக வந்தது என்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

பலாலியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: ஆள் வராது. டவர் திறந்து வைத்துவிட்டு வெறுந்திரையைப் பார்த்தபடி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு மூன்று நண்பர்களைச் சேர்த்து, ஒருவர் சென்னையிலிருந்து, ஒருவர் இரத்மலானையிலிருந்து, ஒருவர் சுற்றுவட்டத்தில் என்று ஒழுங்கு பண்ணினால்தான் பாடம் நடக்கும். பரீட்சைக்கு மணித்தியாலம் சேர்க்கும் இடம் இது அல்ல.

அதற்குக் கட்டுநாயக்கா. அங்கே ஓடுபாதை ஒன்றுதான், ஆனால் 3,350 மீட்டர். புறப்படுகிறவர் டாக்சிவே வழியாகவே தலைப்புக்கு வந்து நிற்கலாம், ஓடுபாதை அடைபடாது. அதனால் கணக்கு நிமிடத்திலிருந்து மைலுக்கு மாறுகிறது. இரண்டு வருகைக்கு நடுவில் ஒரு புறப்பாட்டை நுழைக்க 5, 6 மைல் இடைவெளி வேண்டும். ஏ330 போன்ற கனரக விமானத்துக்குப் பின்னால் ஏ320 வந்தால் எப்படியும் 5 மைல் கட்டாயம், அந்த இடைவெளியையே புறப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம். எதிர்மாறாக, புறப்பட்டது ஏ330 என்றால் பின்னால் நிற்கும் ஏ320 இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அடுத்த வருகை வாசலில் நிற்கும். யாரை முதலில் விடுவது என்ற தீர்மானம் இங்கே நிமிடத்துக்கு நிமிடம் வரும், நாக்கு தடுமாறாமல் பேசவும் வேண்டும். பலாலியில் யோசிக்க நேரம் உண்டு, இங்கே இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். இந்த வலையமைப்புகளில் கூட்டம் கூடுவது ஐரோப்பிய மாலையில். விமானிகள் பாவிக்கிற சூலு நேரம் (உலகப் பொது நேரம், UTC) 18:00 என்றால் எங்களுக்கு இரவு 11:30. காலையில் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர்கள் இதை வீட்டில் பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள்.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 3,658 மீட்டர் பிரதான பாதையை 12/30 என்ற இரண்டாம் பாதை குறுக்கே வெட்டுகிறது. அந்த இரண்டாம் பாதை அடையாற்றின் மேல் பாலமாக நீள்வது பார்க்க அழகு. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒன்றில் இறங்குகிறவர் வெட்டுமுனையைத் தாண்டும்வரை மற்றதில் ஒருவரும் அசையக் கூடாது. டெலிவரி (பயண அனுமதி கொடுப்பவர்), கிரவுண்ட், டவர், அப்ரோச் என்று நாலு பேர் பிரித்துச் செய்யும்போது அருமையான பயிற்சி. தனியாக உட்கார்ந்து பழகுகிறவனுக்கு அது பயிற்சியே அல்ல, விமானிகள் திருப்பிச் சொல்கிற ரீட்பேக்கைத் திருத்திக்கொண்டிருப்பதிலேயே இரவு போய்விடும்.

கட்டுநாயக்காவைத் தேர்ந்தெடுத்தாலும் பலாலி உங்களை விடாது. வட்சிமில் மேலே இருக்கிறவர் கீழே ஆளில்லாத நிலையங்களையும் பார்ப்பது வழக்கம். நாளைக்கு நீங்கள் கொழும்பு வான்பரப்பில் உட்கார்ந்து, 22க்கு நாலு விமானத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது, பலாலியிலிருந்து ஒரு ஏ.டி.ஆர். சென்னைக்குக் கிளம்ப அனுமதி கேட்கும். அவருக்கு மட்டத்தையும் ஸ்குவாக்கையும் (ரேடாரில் அவரை அடையாளம் காட்டும் எண்ணையும்) கொடுத்து, இத்தனை மணிக்குள் எழும்பாவிட்டால் அனுமதி செல்லாது என்று ஒரு நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தைக் குறிக்கும்போது பேக்ட்ராக்குக்கு மூன்றரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.