ஐந்து சொல்லுக்கும் ஒரே 'கரடுமுரடு': நான் வாங்கிய ஆங்கில–தமிழ் அகராதி

வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 650 ரூபாய் கொடுத்து இந்த அகராதியை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அட்டை உறுதி, எழுத்து பெரிது. புகழ்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம்.

எனக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. பதனிட்ட தோலைத் தரம் பார்த்து, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். உலர்ந்த தோலை டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால், பொடிக் கூழாங்கல்லைப் பரப்பியதுபோல் மேற்பரப்பு புடைத்து எழும். கைப்பை செய்கிறவர்கள் விரும்பிக் கேட்கும் ரகம். தொழிலில் அதற்கு 'பெபிள்டு' என்று பெயர். புதிதில் எனக்கு அது தெரியாது. தெரிந்த 'பம்பி'யைப் புரட்டினேன்: கரடுமுரடான. 'லம்பி'யைப் பார்த்தேன்: கரடுமுரடான. இரண்டும் ஒன்றுதானே என்று, காதுக்குக் கனமாக ஒலித்த 'லம்பி'யை எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாளே பதில் வந்தது, சரக்கை ஏற்ற வேண்டாம் என்று. "நல்ல தோலைக் கட்டி விழுந்த தோல் என்று எழுதியிருக்கிறாயே அப்பா!" என்று மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். பம்பி, லம்பி, நாப்லி, ரஃப், கோர்ஸ் ஐந்துக்கும் அதே 'கரடுமுரடான'தான். தமிழில் சொல்லா இல்லை? கேழ்வரகுக் களியில் மாவு கட்டிதட்டினால் அது 'லம்பி'. பஞ்சு திரண்ட மெத்தையும் அப்படியே. குண்டும் குழியுமான சாலை 'பம்பி'. அதில் உடம்பு குலுங்கப் போகும் பஸ் பயணமும் 'பம்பி'. முண்டும் முடிச்சுமான கைத்தடி, எலும்பு துருத்திய முழங்கால் என்றால் 'நாப்லி'. என்னை அதிகம் அலைக்கழித்தவை கடைசி இரண்டும்தான். எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 'ரஃப்' என்பதற்கு எதிர் 'ஸ்மூத்', அதாவது தடவினால் சொரசொரக்கிறதா, வழவழக்கிறதா என்ற கேள்வி. 'கோர்ஸ்' என்பதற்கு எதிர் 'ஃபைன்'. அது துகளின், இழையின் பருமனைச் சொல்வது. பாலாற்று மணலை அள்ளிப் பார்த்தால் தெரியும், பரும்படி என்போமே, அதுதான். தோலில் மயிர்க்கால் துளைகள் பெரிதாகத் தெரிந்தாலும் 'கோர்ஸ்' என்றுதான் எழுதுகிறோம், விலை இறங்கிவிடும்.

களி கிளறும் என் அம்மா ஒரு நாளும் 'களி கரடுமுரடாகிவிட்டது' என்று சொன்னதில்லை. இந்த அகராதிக்காரருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கிறது; அடுப்படித் தமிழ்தான் தெரியவில்லை. ஒரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லை.

நியாயமாகச் சொன்னால் 'பிரிக்லி'க்கு 'முள் நிறைந்த' என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள் கத்தரியைக் காம்போடு பிடித்தவருக்கு அந்த விளக்கமும் தேவையில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஓரங்களில் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால் 'நாப்லி' இருக்கும் பக்கத்தைக் கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.